ஒன்றரை வோல்ட் தடுப்பு

முதலில் ஒரு மன்னிப்பு. இந்த வாரப் பத்தியைக் காகிதத்தில், கையால் எழுதி அனுப்புகிறேன். கோழி கிளறிய எழுத்து. ஐந்தாம் வகுப்போடு நின்றவனின் பிழைகள் வேறு... வழக்கமாக என் எடைமேடை கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் தட்டி அனுப்புவேன். அது போன வாரம் செத்துப்போனது. எப்படி என்று சொல்கிறேன்.

பாபநாசம் ரோட்டில் லாரி, டிராக்டர்களை எடை போடும் மேடை வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். இப்போது சம்பா அறுவடை — நெல் வண்டிகள் வரிசை கட்டும் காலம். இந்த நேரம் பார்த்து கம்ப்யூட்டர் திரையில் கோடு கோடாக ஓட ஆரம்பித்தது. மூன்றுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சீட்டில் சரியாகத்தான் அச்சாகும். ஆனால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் விவசாயி திரையைத்தானே நம்புவார்? ஒருமுறை சந்தேகம் வந்துவிட்டால் வண்டி அடுத்த மேடைக்குத் திரும்பிவிடும். எனக்கு இது ஒன்றுதான் பிழைப்பு.

படம் காட்டுகிற கார்டு போய்விட்டது, அதை மாற்றினால் போதும் என்றார் தஞ்சாவூர் மெக்கானிக். கம்ப்யூட்டரோ அரதப் பழசு. அதற்கான கார்டு இங்கே எங்கும் இல்லை. துபாயிலிருந்து லீவில் வந்த கமால் மச்சான் — என் மனைவியின் அண்ணன் — நான் போனில் சொன்னதும் அங்கே பழைய சாமான் கடைகளில் அலைந்து ஒன்று வாங்கி வந்திருந்தார்.

கம்ப்யூட்டருக்குள் கார்டு செருகும் ஸ்லாட்டில் வைத்தால்... இறங்கவில்லை. உள்ளே குறுக்காக ஒரு சின்ன பிளாஸ்டிக் தடுப்பு. கார்டில் அதற்கான வெட்டு வேறு இடத்தில் இருந்தது.

மெக்கானிக்குக்கு போன் போட்டேன். உங்கள் கம்ப்யூட்டரின் தாய்ப் போர்டு ஒன்றரை வோல்ட், அந்தக் கார்டு மூன்றுக்கும் மேலே. இரண்டும் சேரக் கூடாது என்றுதான் தடுப்பே வைத்திருக்கிறார்கள், தொடாதீர்கள் என்றார்.

மச்சானிடம் சொன்னேன். சிரித்தார்.

"ஏன் மாப்ள, ஒரு பேட்டரி கட்டைக்கும் ரெண்டு கட்டைக்கும் உள்ள வித்தியாசம். மூணு ஃபேஸ் மோட்டார ரெண்டு ஃபேஸ்ல கண்டன்சர் போட்டு ஓட்டுற ஊரு நம்ம ஊரு. இதுக்கா பயப்படுறீங்க?"

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்தவர் சென்ட் கொடுத்தால் அவர் முன்னாலேயே அடித்துக்கொள்ள வேண்டும். சட்டை கொடுத்தால் அவர் கிளம்புவதற்குள் போட்டுக் காட்ட வேண்டும். கார்டுக்கும் அதே சட்டம்தானே? 'வேண்டாம்' என்பது எனக்குத் தொண்டை வரை வந்தது. வழக்கம்போல அங்கேயே நின்றது.

என் மனைவி மட்டும் கேட்டாள். "ஏண்ணே, வேலை இல்லாமயா அங்க ஒரு தடுப்பு வச்சிருப்பான்?"

அதற்குள் இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடு வந்துவிட்டது. தடுப்பு அறுந்தது. கார்டு ஜம்மென்று இறங்கியது. சுவிட்சைப் போட்டோம். திரையில் ஒன்றும் வரவில்லை. கருகல் வாசனை வந்தது. கார்டு, போர்டு இரண்டும் போச்சு.

ரயில்வே கேட் மூடியிருந்தால் பைக்கைச் சாய்த்து உள்ளே நுழைகிற ஜனம் நாம். நமக்குக் கோபமெல்லாம் கேட் மேல்தான்... ரயிலை யார் நினைக்கிறார்கள்?

வெளியே டிராக்டர்கள் ஹாரன் அடித்தன. எடை காட்டும் பெட்டி தனி என்பதால் அது பிழைத்தது. சீட்டை மட்டும் கையால் எழுத வேண்டும். எழுதினேன். வாங்கிய விவசாயி அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாய், இது மூணா, எட்டா?"

மச்சான் என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். முத்து முத்தான எழுத்து அவருக்கு. மீதி லீவு முழுக்க, விருந்துக்கு அழைத்த வீடுகளுக்குக்கூடப் போகாமல், அந்த நாற்காலியிலேயே இருந்தார். ஒரு வண்டியும் அடுத்த மேடைக்குப் போகவில்லை.

நேற்று அவர் விமானம் ஏறிவிட்டார். மெக்கானிக் பழைய போர்டு தேடிக்கொண்டிருக்கிறார். அது கிடைக்கும்வரை சீட்டு நான்தான் எழுத வேண்டும். கை பழகட்டும் என்றுதான் இதையும் கையாலேயே எழுதினேன்.

தை 23, வெள்ளிக்கிழமை.

அது மூன்றுதான்.