மின்சாரத்துக்கு ஒதுங்கும் சிறில்

சமையலறையிலிருந்து மனைவி எவ்லின் "போடப்போறன்" என்று குரல் கொடுத்ததும் சிறில் செருப்பை மாட்டிக்கொண்டு கேற்றுக்கு வெளியே போய்விடுவார். உள்ளே பிளெண்டரில் சம்பல் அரைபட்டு முடியும்வரை கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் நெஞ்சில் கைவைத்தபடி நிற்பார். சவாரிக்குத்தான் நிற்கிறார் என்று நினைத்து ஓட்டோக்காரர்கள் நிறுத்தி, போவோமா என்று "அங்கிள், யமுத?" என்பார்கள். வீட்டில் சம்பல் அரைபடுகிறது என்று அவர்களுக்குச் சிங்களத்தில் விளக்கம் சொல்லி அனுப்பிவைப்பார்.

துறைமுகத்தில் கிளாக்காக இருந்த காலத்தில் பாரந்தூக்கிகளுக்குக் கீழே கைவீசி நடந்த மனிதர்தான். இடப்பக்க நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்த நாளிலிருந்து ஃபிரிட்ஜ் உறுமினாலும் விலகி நடக்கிறார். அன்று டொக்டர் சொன்ன புத்திமதி ஒன்றும் பயத்தில் காதில் ஏறவில்லை. மின்விசிறிச் சுவிட்சைக் குடைநுனியால் அமுக்குகிறார். தொலைபேசியை மேசையில் வைத்து, ஸ்பீக்கரில் போட்டு, அறையின் மறுமூலையில் நின்று கத்துகிறார். இத்தாலியிலிருக்கும் மகள் பிறிஜெற்றுக்கு வயிற்றோட்டம் என்றால் அது ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். "கரண்ட் கண்ணுக்குத் தெரியாது. நாமதான் பாத்து நடக்கோணும்" என்பார்.

நத்தார்ப் பண்டிகை நெருங்கியபோதுதான் வினை வந்தது. எவ்லின் கேக் மாவடிக்கும் பீட்டரை வெளியே எடுத்ததுமே சிறிலுக்குப் படபடப்பு. "வேண்டாம், கையால அடி" என்றார். கையால் அடித்த எவ்லினுக்குத் தோள் பிடித்துக்கொண்டது.

"எனக்கும் வயசாகுது. நான் வத்தளைக்குத் தங்கச்சி வீட்ட போறன். நத்தாருக்கு நீங்களும் உங்கட நெஞ்சும் இருங்கோ" என்று அவர் பையைக் கட்டினார். சிறில் ஆடிப்போனார். மனைவி இல்லாத நத்தாரை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பீட்டர் போடலாமா என்று கேட்க, மறுநாளே கெஞ்சிக் கூத்தாடி எவ்லினையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார்.

நெஞ்சிலிருந்த கருவியைச் சோதித்தவர் ஜாபிர் என்ற இளைஞர். "மெஷின் நல்லா ஈக்குது அங்கிள். ஊட்டுச் சாமானெல்லாம் பாவிக்கலாம். போனை வலது காதுல வெச்சிப் பேசுங்க. பீட்டரை நெஞ்சோட அணைக்காமப் புடிச்சாச் சரி. இண்டக்‌ஷன் அடுப்புக்கு மட்டும் ரெண்டடி தள்ளி நில்லுங்க."

சிறில் நம்பாத முகத்தோடு கழற்றிவைத்த சட்டையை எடுத்தார். அதன் இடப்பக்கப் பையிலிருந்து ஏதோ பாய்ந்து இரும்புக் கட்டிலில் டக்கென்று ஒட்டிக்கொண்டது. புனித அந்தோனியார். பிறிஜெற் அனுப்பிய, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்த அந்தோனியார்.

"இதையா நெஞ்சுக்கு மேல வெச்சிக்கிட்டிருந்தீங்க?" ஜாபிருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஊட்டுல நீங்க பயப்பட வேண்டிய சாமான் காந்தம்தான். ஒரு சாணாவது தள்ளி வைங்க."

"கரண்டில இருந்து காப்பாத்தத்தானே இவரை வச்சனான்" என்றார் சிறில் பரிதாபமாக.

"பாவம் அவர். ஒவ்வொரு சம்பலுக்கும் உங்களோட றோட்டில நிண்டவர்" என்றார் எவ்லின்.

வீட்டுக்கு வந்ததும் அந்தோனியார் ஃபிரிட்ஜ் கதவுக்குக் குடிபோனார். எவ்லின் வத்தளைப் பையை அவிழ்க்கவில்லை. பீட்டரை மேசையில் வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தார். சிறில் சமையலறை வாசலில் கொஞ்சநேரம் தயங்கி நின்றார். பிறகு கிட்டப் போய், வலக்கையை முழுநீளத்துக்கும் நீட்டி, மாவுக் கோப்பையின் விளிம்பைப் பிடித்தார். பீட்டர் சுழலத் தொடங்கியதும் முகத்தை மறுபக்கம் திருப்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கையை மட்டும் எடுக்கவில்லை.