ரொறன்ரோவில் இருந்து காவல் காத்த தீவு

போன யூலையில் யாழ்ப்பாணத்துக்கு மேற்கே இருக்கிற ஒரு தீவுக்குப் போய் வந்தேன். தீவின் பெயரை எழுதப் போவதில்லை. பயணக் கட்டுரையில் ஊர்ப் பெயரை மறைப்பது சமையல் குறிப்பில் கறியின் பெயரை மறைப்பது மாதிரித்தான், தெரியும். ஆனால் ஒரு பெயரை எழுதியதால் வந்த வினையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். செலவு, நேரம், தூரம் எல்லாம் உள்ளபடி தருகிறேன்.

நான் ரொறன்ரோவில், மோர்னிங்சைட் பக்கம் இருக்கிறேன். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறேன். காலையில் ஒரு ஓட்டம், பின்னேரம் ஒரு ஓட்டம், நடுவில் நாலைந்து மணித்தியாலம் சும்மா. அந்தச் சும்மா நேரத்தில்தான் இந்தப் பயணம் தொடங்கியது.

எங்கள் தீவுக்காரருக்கு இங்கே ஒரு சங்கம் இருக்கிறது. தலைவர் கிறிஸ்ரி அண்ணை, அஜின்கோர்ட்டில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர். இரண்டு வருடத்துக்கு முன் தீவில் மாட்டுக் களவு கூடிவிட்டது என்று செய்தி வரத் தொடங்கியது. அங்கே மாட்டைக் கட்டி வளர்ப்பதில்லை. தொடையில் குடும்பக் குறி சுட்டு வெளியில் விடுவார்கள், மேய்ந்துவிட்டுத் தானாக வரும். கள்ளருக்கு அது நல்ல வசதி. பற்றைக்குள் வைத்து வெட்டி, இறைச்சியை வள்ளத்தில் ஏற்றிவிட்டு, குறி இருக்கிற தோலைக் கடலில் எறிந்துவிடுவார்கள். பிறகு பூட்டிக் கிடக்கும் வீடுகளில் தண்ணீர்ப் பம்பி போனது, யன்னல் நிலை போனது, ஒரு வீட்டில் கூரை மரமே போனது. பொலிஸ் காவலரண் ஒன்று இருக்கிறது. அது இருப்பது கள்ளருக்கும் தெரியும்.

“பொலிஸ் பாக்காட்டி நாங்கள் பாப்பம்” என்று கிறிஸ்ரி அண்ணை கூட்டத்தில் சொன்னார். காசு சேர்த்து, மேய்ச்சல் வெளிப் பாதையில் கமரா பூட்டினோம். இங்கே மதியம் என்றால் அங்கே இரவு. அதனால் போனில் பார்க்கிற முறை போட்டோம். எனக்கு வந்தது மதிய முறை. பஸ்ஸை ஓரமாக நிற்பாட்டி, சீற்றைச் சரித்துக்கொண்டு, ரிம் ஹோர்ட்டன் கோப்பியும் கையுமாக ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் ஒரு வெளியைக் காவல் காத்தேன். எங்களைப் போல் கெட்டிக்காரர் உலகத்தில் இல்லை என்று நினைப்பு.

மார்ச் மாதத்தில் ஒரு மதியம் மூன்று பேர் ஒரு பசுவையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்தேன். முகம் தெளிவாகத் தெரிந்தது. கிறிஸ்ரி அண்ணைக்குப் போன் அடித்தேன், அவர் தீவுப் பொலிசுக்கு அடித்தார். “வாகனம் இல்லை, விடியட்டும், உரிமைக்காரரை வந்து முறைப்பாடு குடுக்கச் சொல்லுங்கோ” என்று பதில் வந்ததாம். கிறிஸ்ரி அண்ணைக்குக் கோபம் தலைக்கேறியது. அன்று இரவே வீடியோவைச் சங்கத்தின் முகநூலில் போட்டார்கள், மூன்று முகத்துக்கும் சிவப்பு வட்டம் போட்டு. ஐந்தாறாயிரம் பேர் பார்த்தார்கள். பிறகுதான் பொலிஸ் அசைந்து, பசுவின் உரிமைக்காரியிடம் முறைப்பாடு எழுதி எடுத்து, இரண்டு பேரைப் பிடித்தது. நாங்கள் கடையில் கொத்துரொட்டி சாப்பிட்டுக் கொண்டாடினோம்.

பள்ளிக்கூட விடுமுறை வந்ததும், இன்னும் இரண்டு கமராவைப் பெட்டியில் வைத்துத் தந்து என்னை அனுப்பினார்கள். வழக்குக்குச் சாட்சி சொல்லும்படி பசுவின் உரிமைக்காரியைச் சம்மதிக்க வைப்பதும் என் பொறுப்பு. அவ பெயர் றெஜினா அக்கா. உண்மைப் பெயர் அதுவல்ல. புருசன் இல்லை, பால் விற்றுச் சீவிக்கிறா. மேய்ச்சல் வெளிப் பாதையோரம் இருக்கிற அவவின் வீட்டுச் சுவரில்தான் எங்கள் கமராவில் ஒன்று இருந்தது.

இனிப் பயணம். யூலையில் ரொறன்ரோவில் இருந்து கொழும்புக்குப் போய் வர 1,850 டொலர் முடிந்தது. ஒரு இடத்தில் இறங்கி மாறவேண்டும், எல்லாமாக இருபத்து நாலு மணித்தியாலம். கொழும்பில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏசி பஸ் 3,500 ரூபா, எட்டு ஒன்பது மணித்தியாலம். ஏசியைக் குறைக்கச் சொல்லிக் கேட்டுப் பயனில்லை, போர்வை கொண்டுபோங்கள். யாழ்ப்பாண நகரத்தில் இருந்து இறங்குதுறைக்கு பஸ்ஸில் ஒரு மணித்தியாலம். அங்கிருந்து படகு, இன்னொரு மணித்தியாலம். தீவுக்குப் போகக் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. பின்னேரம் நாலரைக்குக் கடைசிப் படகு தீவை விட்டு வெளிக்கிட்டால், விடியும்வரை யாரும் வரவும் ஏலாது போகவும் ஏலாது. இதை நான் போனில் பார்த்தபோது யோசிக்கவில்லை. படகின் ஓரத்தில் உப்புத் தண்ணி முகத்தில் அடிக்க இருந்தபோதுதான் யோசித்தேன்.

தீவில் இறங்கி, நரைத்த தலையோடு நின்ற ஓட்டோக்காரரிடம் றெஜினா அக்காவின் வீட்டைக் கேட்டேன்.

“கமரா வீடோ?” என்றார்.

“ஓம்.”

“சந்தியில இறக்கிவிடுறன், தம்பி. அங்கால நான் வாறேல்லை.”

“ஏன் அண்ணை, றோட்டுச் சரியில்லையோ?”

“றோட்டு நல்ல றோட்டுத்தான்” என்றார். நாலு கிலோமீற்றருக்கு 500 ரூபா எடுத்தார். மீதித் தூரத்தைக் கமராப் பெட்டியோடு நடந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது.

வீட்டு முன் யன்னலுக்குக் கண்ணாடி இல்லை, காட்போட் மட்டை அடித்திருந்தது. மாட்டுப் பட்டியில் ஒரு பசு மட்டும் நின்றது. சுவரில் எங்கள் கமரா. அதற்குக் கீழே நான் படத்தில் மட்டும் பார்த்திருந்த பலகை. நீல எழுத்தில் சங்கத்தின் பெயர், காசு தந்த குடும்பங்களின் பெயர்கள், கடைசி வரியில்: “மின்சாரம் தந்து உதவியவர் திருமதி றெஜினா அவர்கள்.”

எங்கள் ஆட்களைப் பற்றித் தெரியும்தானே. ஒரு கிணற்றைத் துப்பரவாக்கினாலும் பலகை அடிப்போம். பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறி கொடுத்தால் அதன் இறகிலேயே தாத்தாவின் பெயரை எழுதுவோம். சுற்றாத நேரம் வாசிக்கலாம். நன்றி சொல்லாவிட்டால் அடுத்த முறை காசு வராது என்பது கிறிஸ்ரி அண்ணையின் கணக்கு. அந்த வீடியோவின் முடிவிலும் நன்றி போட்டிருந்தோம், அதே பெயரோடு. கள்ளனைப் பிடிக்க வைத்த கமராவுக்குக் கீழே காட்டிக்கொடுத்தவரின் பெயரை நாங்களே எழுதி ஒட்டியிருக்கிறோம் என்று அங்கே போன ஒருவருக்கும், இங்கே இருந்த ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான்.

அக்கா தேத்தண்ணி தந்தா. கதையை நான் ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் எடுத்தேன். பிடித்த இரண்டு பேரும் அடுத்த கிழமையே பிணையில் வந்துவிட்டார்கள். வந்த அன்றே யன்னலுக்குக் கல். பிறகு நாய்க்கு ஏதோ போட்டுக் கொன்றார்கள். பிறகு மாடுகள், கமராவின் கண் படாத பின்பக்கத்தால். பால் வாங்க வருகிறவர்களும் நின்றுவிட்டார்கள். அவர்களில் பிழையில்லை, இந்தப் படலையைத் திறக்கிறவர் யார் என்று பார்க்கிறதற்கும் இப்போது ஆள் இருக்கிறது.

“ஏன் அக்கா எங்களுக்குச் சொல்லேல்லை?” என்றேன்.

“நீங்கள் நல்லதுக்குத்தானே செய்தனீங்கள். உங்களுக்கு மனவருத்தமா இருக்கும் எண்டு விட்டுட்டன்.”

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். சாட்சி சொல்லச் சொல்லிக் கேட்கத்தான் போனேன், வெட்கமில்லாமல் கேட்டும் விட்டேன். “ஒருக்கா கோட்டில வந்து, வீடியோவில இருக்கிற மாட்டுக் குறி உங்கட எண்டு சொன்னாப் போதும், அக்கா. நாங்கள் பின்னால நிப்பம்.”

“எங்க நிப்பியள்?” என்றா. கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டா. “ரொறன்ரோவிலயோ?”

அடுத்த நாள் காலை அவவோடு பொலிஸ் காவலரணுக்குப் போனேன். முறைப்பாட்டைத் திருப்பி எடுக்கவேண்டும் என்பது அக்காவின் முடிவு. இரண்டு அறை, ஒரு மேசை, வாசலில் ரயர் இல்லாத ஒரு மோட்டார்சைக்கிள். பொறுப்பாக இருந்தவர் வவுனியாப் பக்கத்துத் தமிழ் ஆள், என் வயதுதான் இருக்கும். ஒரு சண்டை பிடிக்கிற எண்ணத்தோடுதான் உள்ளே போனேன்.

“சேர், ஆளைக் காட்டித் தந்தம். அந்த மனிசியை ஏன் பாதுகாக்கேல்லை?”

“ஐயா, இஞ்ச நாங்கள் மூண்டு பேர். ஒராள் லீவு” என்றார். “வள்ளம் வேணும் எண்டு எழுதி எழுதிக் கை நொந்துபோச்சு. நீங்கள் கனடாவில இருந்து பாத்ததை நானும் போனில பாத்தனான். அந்த ராவில நடந்து போனாலும், போய்ச் சேரேக்க அவங்கள் நடுக்கடலில.” பிறகு அக்காவைப் பார்த்து, “அம்மா, வழக்கை விடாதேங்கோ எண்டு சொல்லத்தான் எனக்கு ஆசை. ஆனா ராவில உங்கட வீட்டடிக்கு ஆள் போட என்னட்ட ஆளில்லை” என்றார்.

சண்டை பிடிக்கப் போன நான் அக்காவுக்குப் பேனையை எடுத்துக் கொடுத்தேன். அக்கா கையெழுத்து வைத்தா. வெளியே வந்ததும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, “இனி நித்திரை வரும்” என்றா. அது அவவுக்கு எவ்வளவு பெரிய விசயம் என்று நான் விளங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அக்கா கழற்றச் சொன்னா, கமராவையும் பலகையையும் நானே கழற்றினேன். ஏணி இல்லை, பீப்பாவின் மேல் ஏறி நின்றேன். ஆணி துருப்பிடித்திருந்தது. கீழே நின்று அக்கா பீப்பாவைப் பிடித்துக்கொண்டா, விழுந்துவிடாதே தம்பி, விழுந்துவிடாதே என்று சொல்லிக்கொண்டே. பெட்டியில் கொண்டுபோன இரண்டு புதுக் கமராவும் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்கு ஆனது என்பார்களே, அது இதுதான்.

நான் வெளிக்கிட்ட நாளில் இறங்குதுறைக்கு அவவும் வந்தா, மிஞ்சியிருந்த பசுவோடு. இறைச்சிக்கு வாங்குகிற ஒருவர் அங்கே நின்றார். யாரோடு சேர்ந்தவர் என்று தீவுக்கே தெரியும். அவர் சொன்ன விலைக்கே கொடுத்தா. பேரம் பேசவில்லை.

“என்ன அக்கா இது?” என்றேன்.

“எடுக்கிறவங்கள் எடுக்கத்தான் போறாங்கள். இதாவது கேட்டு எடுக்கிறாங்கள்” என்றா. பிறகு என்னோடு அதே படகில் ஏறி, யாழ்ப்பாணத்தில் வாடகை வீட்டில் இருக்கும் மகளிடம் போய்விட்டா. ஒரு பையும் ஒரு சுருட்டின பாயும். நானே தூக்கிக்கொண்டேன். அந்த ஒரு மணித்தியாலமும் அக்கா தீவைத் திரும்பிப் பார்க்கவேயில்லை.

ரொறன்ரோவுக்கு வந்து அஜின்கோர்ட் கடையில் கூட்டம் கூடினோம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கிறிஸ்ரி அண்ணை கல்லாப் பெட்டியைப் பூட்டிவிட்டு வந்து இருந்தார். “நாங்கள் பொலிஸ் வேலை செய்ய வெளிக்கிட்டு அந்த மனிசியை விட்டிட்டம்” என்றார். வீடியோவை அன்றே அழித்தார். இணையத்தில் அழித்தது அழிந்ததில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இதுதான். யூன், யூலையில் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும், படகு ஆடும், வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள். தீவில் ஏரிஎம்மை நம்பாமல் காசு மாற்றிக்கொண்டு போங்கள். தங்குவதாக இருந்தால் முதலே சொல்லி வையுங்கள், கடைகள் ஆறு மணிக்கே பூட்டிவிடும், காரணம் இப்போது உங்களுக்குத் தெரியும். ஏதாவது செய்ய ஆசையாக இருந்தால் அங்கே இருக்கிறவர்களைத் தனியாக இருத்திக் கேளுங்கள், கூட்டத்தில் கேட்காதீர்கள். படம் எடுத்தால் வீட்டு வாசல் தெரியாமல் எடுங்கள். பெயர் எழுதாதீர்கள். ஒரு வள்ளமும் பத்துப் பொலிசும் போடவேண்டியது அரசாங்கம். அதைக் கேட்டுக் கத்துவதற்கு எங்களுக்கு இங்கே நல்ல தொண்டை இருக்கிறது, அதைப் பாவிக்காமல் கமராவை அனுப்பினோம் என்பதுதான் என் கவலை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிய றெஜினா அக்காவுக்குப் போன் அடிப்பேன். மகள் வீட்டில் பால்மா கரைத்துத்தான் தேத்தண்ணியாம், வாய்க்குப் பிடிக்கவில்லையாம். போன ஞாயிறு மற்ற எல்லாம் கதைத்து முடிந்த பிறகு, தயங்கித் தயங்கி ஒன்று கேட்டா.

“தம்பி, உன்ர போனில என்ர வீட்டை ஒருக்காப் பாத்துச் சொல்லுறியே? கூரை கிடக்குதோ எண்டு.”

“அக்கா, அதை நாங்கள் கழட்டிட்டமெல்லே” என்றேன்.

“ஓமோம்” என்றா. “நான்தானே கழட்டச் சொன்னனான்.”