எட்டாவது மாடிப் பயணி

அகாகி-சான் பிறந்ததிலிருந்து எங்கள் ஊரான ஒகயாமாவைத் தாண்டியதே இல்லையாம். என்னிடம் இதைச் சொன்னவர் எங்கள் ஆபீஸ் கணக்குப் பிரிவு மியாகே-சான். அவரிடம் சொன்னது அவருக்கு முடி வெட்டிவிடும் பெண்மணி. அந்தப் பெண்மணிக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டேன்.

"முடி வெட்டுற இடத்துல வர்ற சேதிக்கு அப்பன் பேரெல்லாம் கேக்கக் கூடாது, பரணி-சான்" என்றார்.

நான் நம்பவில்லை. தரையில் பதிக்கும் தத்தாமிப் பாய்களின் ஓரத்தில் வைத்துத் தைக்கும் கரைத்துணியை நெய்கிற சின்னக் கம்பெனி எங்களுடையது. முதலாளியோடு சேர்த்து, பெயருக்குப் பின்னால் மரியாதைக்கு ஒரு 'சான்' ஒட்டிய இருபத்துமூன்று பேர். அதில் ஊர் சுற்றி என்றால் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அகாகி-சான்தான். மாதம் ஒரு திங்கட்கிழமை, வெந்நீர்க் கெட்டில் பக்கத்தில் அவர் போய்வந்த ஊரின் பண்டப் பெட்டி ஒன்று வந்து உட்கார்ந்திருக்கும். ஒரு மாதம் செந்தாய் நகரத்து இலை வடிவ மீன் பணியாரம், இன்னொரு மாதம் ககோஷிமாவின் வெள்ளைக் கிழங்குக் கேக். மியாகே-சான் ஆளுக்கு ஒன்றாக மேஜை மேஜையாக வைத்துக்கொண்டு போவார். லீவில் இருப்பவர் மேஜையிலும் ஒன்று வைத்துவிடுவார். பெட்டி காலியாகும்வரை அகாகி-சான் கதை சொல்வார்.

"அகித்தாவுல பனி எப்படின்னு நினைக்கிறீங்க? கதவைத் திறந்தா எதிர்ல வெள்ளைச் சுவருதான். ஜன்னல் வழியாத்தான் வெளிய குதிக்கணும். அங்க கொன்னோ-சான்னு ஒரு அம்மா. சாதத்தை மசிச்சுக் குச்சியில அப்பிச் சுடுவாங்க. அதுதான் கிரித்தாம்போ. அதைக் கோழிச் சாறுல போட்டு ஒரு வாய் வச்சீங்கன்னா, உள்ளங்கால் வரைக்கும் சூடு இறங்கும்."

முதலாளி குனிதோமி-சான் எச்சில் விழுங்குவது எல்லோருக்கும் கேட்கும்.

ஆனால் வருடாந்திரக் கம்பெனிச் சுற்றுலாவுக்கு மட்டும் அகாகி-சான் வந்ததில்லை. எந்த ஊர் என்று அறிவித்தாலும், "ஐயையோ, போன வாரம்தான் அங்க போயிட்டு வந்தேன், முதலாளி" என்பார். மறுநாளே சாட்சிக்கு அந்த ஊர்ப் பெட்டி வந்துவிடும். கூடவே எந்தத் தெருவில் எதைச் சாப்பிட வேண்டும், எதைச் சாப்பிடவே கூடாது என்று ஒரு பட்டியல். அந்தப் பட்டியல் ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை.

சென்ற அக்டோபரில் நான் நான்கு நாள் லீவு போட்டு ஹொக்கைடோ போனேன். திரும்பி வரும்போது, ரயில் ஒகயாமாவுக்குள் நுழைகிற நேரத்தில்தான் என் கை வெறுமையாக இருப்பதைப் பார்த்தேன். படம் எடுத்திருந்தேன், அறுநூறு. பண்டம் வாங்கவில்லை. லீவு போட்டு ஊருக்குப் போனவன் வெறுங்கையோடு ஆபீஸுக்கு வருவது, பேன்ட் போடாமல் வருவதற்கு அடுத்தபடியான குற்றம். பதினோரு வருடம் ஜப்பானில் குடியிருந்தும், குப்பையைச் சரியாகத் தரம் பிரித்தேனா என்று கட்டிய பையை அவிழ்த்து மறுபடி பார்க்கிறவன் நான். எனக்கு வியர்த்துவிட்டது.

நல்லவேளை, ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள டிபார்ட்மென்ட் ஸ்டோரின் எட்டாவது மாடியில் 'வடக்கு ஊர்களின் பண்டத் திருவிழா' நடந்துகொண்டிருந்தது. ஹொக்கைடோ, அகித்தா, அவோமோரி எல்லாம் அந்த மாடியில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் லிஃப்ட் நிரம்பி வழிந்ததால் படியேறினேன்.

நான்காவது மாடியில் மெத்தை விற்கும் பகுதிக்கு வெளியே ஒரு பெஞ்சு. அதில் அகாகி-சான். தலையில் தொப்பி, முதுகில் பை, இடுப்பில் தண்ணீர்க் குடுவை. மடியில் நூல் கட்டி அவிழ்த்த சாப்பாட்டுப் பெட்டி. ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்போல, எதிரே இருந்த தலையணைகளை வேடிக்கை பார்த்தபடி மென்றுகொண்டிருந்தார்.

"அகாகி-சான்?"

பெட்டியைச் சட்டென்று மூடினார். "பரணி-சான்! நீங்க ஹொக்கைடோவுல இல்ல இருக்கணும்?"

"வந்துட்டேன். நீங்களும் இந்த வாரம் ஹொக்கைடோன்னு சொன்னீங்களே?"

"போய்க்கிட்டுதான் இருக்கேன்" என்று மேலே கையைக் காட்டினார். "இன்னும் நாலு மாடி."

அப்புறம் பெட்டியைத் திறந்து எனக்கு ஒரு துண்டு ஆம்லெட் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். விஷயம் வேறொன்றுமில்லை, குமட்டல்தான்.

"பஸ்ஸுல ஏறினா மூணாவது ஸ்டாப்புல வாந்தி. ரயில்னா ஆறு நிமிஷம். லிஃப்ட்டுல ரெண்டு மாடி தாங்குவேன்."

"சைக்கிள்ல தினமும் வர்றீங்களே?"

"நானே மிதிச்சாப் பரவாயில்ல. மெதுவா மிதிக்கணும்."

பள்ளிக்கூடத்தில், தெருவெல்லாம் மான் திரியும் நாராவுக்குச் சுற்றுலா போனபோது, மூன்றாவது நிறுத்தத்திலேயே ஆசிரியர் அவரை இறக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். ஆனால் அக்கம்பக்கத்தார் எல்லோரும் வழியனுப்பிக் காசு கொடுத்திருந்தார்கள். அவர்களுக்கு ஏதாவது கொண்டுவந்து கொடுத்தாக வேண்டும். அம்மா இதே டிபார்ட்மென்ட் ஸ்டோருக்கு ஓடி வந்து நாராப் பெட்டிகள் வாங்கிக் கொடுத்தாராம்.

"மான் எல்லாம் எப்படி இருந்துச்சுன்னு பக்கத்து வீட்டுல கேட்டாங்க. ரொம்பப் பசியா இருந்துச்சுன்னேன். அது நிஜந்தானாமே?"

எட்டாவது மாடியில் அவர் வேறு ஆளாக மாறிவிட்டார். கணவாய் மீனுக்குள் சாதம் அடைத்து வேகவைக்கும் ஹொக்கைடோக்காரர் தூரத்திலிருந்தே கையாட்டினார். நான் நான்கு நாள் ஹொக்கைடோவில் மெனு அட்டைக்குப் பயந்து பாதி வேளை கடைச் சோற்று உருண்டையே தின்றவன். அகாகி-சானோ இங்கே நின்ற இடத்தில் கண்ணை மூடி ஒரு கடி கடித்து, "இந்த வருஷம் கடல் தண்ணி சூடா இருந்துச்சோ? கணவாய் இளைச்சிருக்கே" என்றார். கடைக்காரர் தலையில் கைவைத்து, அரை மணி நேரம் கடலைப் பற்றிப் புலம்பினார். அகாகி-சான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

அகித்தாக் கடையில் தலையில் துணி கட்டிய அம்மா ஒருவர் குச்சிகளைத் தணலில் திருப்பிக்கொண்டிருந்தார். கதையில் வரும் அதே கொன்னோ-சான், ரத்தமும் சதையுமாக.

"வாங்க ஒகயாமாக்காரரே! இந்த வருஷமும் படியேறித்தான் வந்தீங்களா?"

"பனி எப்படிம்மா? மாப்பிள்ளை லாரி மறுபடியும் ஓடுதா?"

"லாரி ஓடுது, மாப்பிள்ளைதான் ஓட மாட்டேங்குறான். பதினோரு வருஷமா வீட்டுக்கு வாங்க வாங்கன்னு கூப்புடுறேன். எனக்குப் பல்லு கொட்டினப்புறம் வந்தா யாரு கூட உக்காந்து சாப்புடுறது?"

"அடுத்த வருஷம் கண்டிப்பா."

"போங்க, இதையேதான் பத்து தடவை கேட்டாச்சு."

ஆக, அவர் சொன்ன பனி நிஜம், அடுப்பு நிஜம், ஜன்னல் வழியாகக் குதித்ததும் நிஜம். குதித்தவர் மட்டும் வேறு.

எனக்கான பெட்டியையும் அவர்தான் தேர்ந்தெடுத்தார். நான் எடுத்ததைப் பிடுங்கிப் பின்பக்கம் திருப்பினார். "தயாரிச்ச இடம் ஒசாகா. மியாகே-சான் முதல்ல அதைத்தான் படிப்பாங்க." வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். இறங்கும் வழியில் மெத்தைக் கடை பெஞ்சில் உட்கார்ந்து, டிபார்ட்மென்ட் ஸ்டோரின் பூப்போட்ட காகிதத்தை இருவரும் பிரித்தோம். ஒட்டுத்தாளின் மேல் வாயால் சூடாக ஊதிவிட்டு மெல்ல இழுத்தால் பெட்டியில் தடமே இருக்காது. இருபத்தைந்து வருட அனுபவம்.

"நான் உங்களைப் பார்க்கல" என்றார்.

"நானும் உங்களைப் பார்க்கல" என்றேன்.

திங்கட்கிழமை கெட்டில் பக்கத்தில் இரண்டு ஹொக்கைடோப் பெட்டிகள். மியாகே-சான் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரே வாரம், ஒரே ஊரு. ரெண்டு பேரும் பார்த்துக்கவே இல்லையா?"

"பெரிய ஊரு" என்றோம் இருவரும் ஒரே குரலில்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் நவம்பரில் முதலாளி எல்லோரையும் நிற்கவைத்துக் கைதட்டினார். "அகாகி-சான் மார்ச்சுல ஓய்வு பெறுறார். அதனால இந்தத் தடவை சுற்றுலா அவர் பேருல. பிப்ரவரியில அகித்தா! கொன்னோ-சான் வீட்டு அடுப்பைச் சுத்தி உக்காந்து மத்தியானச் சாப்பாடு. நீங்க போன வாரம்தான் போயிட்டு வந்திருந்தாலும் சரி, விடமாட்டேன்."

அகாகி-சான் கையிலிருந்த அரிசி முறுக்கு இரண்டாக உடைந்தது.

கிடங்கில் துணிச்சுருள்களுக்கு நடுவே என்னிடம் சொன்னார்: "வாந்தியை விடுங்க, பத்து பை எடுத்துக்கிட்டுப் போறேன். ஆனா அந்த அம்மா வாசல்ல நின்னு, 'ஒருவழியா வந்துட்டீங்களா'ன்னு கேட்டா?"

"முன்னாடியே அவங்ககிட்ட சொல்லி வச்சுடலாமே?"

"எனக்காகப் பொய் சொல்லுங்கம்மான்னா? முள்ளங்கி ஊறுகாய்ல சாயங்கூடக் கலக்காதவங்க அவங்க." ஒரு துணிச்சுருளை வரிசையில் நேராக நகர்த்தி வைத்தார். "கிடங்கைச் சுத்தமா வச்சிருந்தான்னு என்னை யாரும் நினைக்கப் போறதில்ல, பரணி-சான். ஊரெல்லாம் சுத்தினவன்னுதான் நினைப்பாங்க. அதுவும் போச்சுன்னா மார்ச்சுல நான் எதை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போறது?"

பஸ் ஏறிப் பழகும் பயிற்சிக்கு நான் துணை போனேன். உப்பில் ஊறிய உமே என்ற புளிப்புப் பழத்தைத் தொப்புளில் வைத்துப் பிளாஸ்திரி போட்டுக்கொண்டால் குமட்டாது என்று அவருடைய அம்மா சொல்லியிருந்தாராம். தினமும் வேலை முடிந்ததும் தொப்புளில் பழத்தோடு பஸ் ஏறினோம். முதல் நாள் ஒரு நிறுத்தம். இரண்டாவது வாரம் மூன்று. நான்காவது நிறுத்தத்தைத் தாண்டிய அன்று நான் உணர்ச்சிவசப்பட்டு அவர் முதுகில் தட்டினேன். பழம் நழுவிக் காற்சட்டைக்குள் போய்விட்டது. ஐந்தாவது நிறுத்தத்தில் இறங்க வேண்டியதாயிற்று. அகித்தாவுக்குப் புல்லட் ரயிலில் ஏழு மணி நேரம்.

நேற்று மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் முதலாளி கிடங்குக்கே வந்துவிட்டார். பின்னால் மொத்த ஆபீஸும்.

"கொன்னோ-சானுக்குப் போன் போடுங்க. இருபத்துமூணு பேருன்னு இப்பவே சொல்லிடணும். ஸ்பீக்கர்ல போடுங்க, நாங்களும் வணக்கம் சொல்றோம்."

"இப்ப வேலையா இருப்பாங்க, முதலாளி."

"அப்ப நம்பரைக் குடுங்க, நான் போடுறேன்."

மியாகே-சான் முன்வரிசைக்கு வந்தார். "எனக்கும் அவங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அகாகி-சான் முதல் தடவை வந்தப்ப எவ்வளவு பனின்னு" என்று சிரித்தார். முடி புதிதாக வெட்டியிருந்தது.

அகாகி-சான் சட்டைப் பையிலிருந்து பழைய சீட்டை எடுத்து, எண்களை ஒவ்வொன்றாக அழுத்தி, போனைத் துணிச்சுருளின் மேல் வைத்தார். மணி அடித்தது. கொன்னோ-சான் எடுத்துவிடக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டேன். எடுக்காவிட்டால் இவர்கள் நாளைக்கும் போடுவார்கள் என்பதும் உடனே நினைவுக்கு வந்தது. என் பெட்டியும் எட்டாவது மாடியில் வாங்கியதுதான் என்பதும் கூடவே வந்தது.

ஐந்தாவது மணியில் அகாகி-சானின் முகம் வெளுத்தது. பஸ்ஸில் மூன்றாவது நிறுத்தத்தில் வருகிற அதே வெளுப்பு. கை தானாகத் தொப்புளுக்குப் போனது.

"முதலாளி" என்றார். "அவங்க எடுக்கறதுக்குள்ள நான் ஒண்ணு சொல்லிடணும்."

"அப்புறம், அப்புறம். மணி கேக்க மாட்டேங்குது."

"இல்ல, நானே சொல்லணும். இத்தனை வருஷமா நான் கொண்டுவந்த பெட்டியெல்லாம்..."

"உஷ்ஷ்!" என்றது மொத்தக் கூட்டமும்.

"எட்டாவது மாடி..."

"எட்டாவது மணிதான், நாங்களும் எண்ணுறோம்" என்று முதலாளி அவர் தோளை அழுத்தினார். "பொறுமையா இருங்க. ஜன்னல் வழியா ஏறி உள்ள வரணுமில்ல, நேரமாகும்."

இருபத்திரண்டு பேர் போனை நோக்கிக் குனிந்தோம். அகாகி-சான் மட்டும் நிமிர்ந்து நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, யாராவது தன் பக்கம் திரும்புவார்களா என்று காத்திருந்தார். மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.