பந்துப் பயிற்சி

என் மகளுக்கு ஒன்றரை வயதானபோது, குழந்தையின் கைகால் அசைவுகளை வீட்டிலேயே வளர்ப்பது பற்றி என் கணவர் மொபைலில் ஒரு வீடியோ பார்த்தார். பார்த்த அன்றே மகா நிபுணராகிவிட்டார். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் பாதி இடம் தறிக்குப் போய்விடும். மிச்சமிருந்த தரையில் தலையணைகளை வரிசையாகப் போட்டு, நடுவில் ரப்பர் பந்தை வைத்து, "தாண்டி வாம்மா" என்றார்.

அவள் உட்கார்ந்து பிஸ்கட் தின்றாள்.

"நாம செஞ்சு காட்டினா பாத்துக்கினே கத்துக்கும்" என்று அவரே தவழ்ந்தார், தாண்டினார். மகள் கைதட்டினாள். அந்த உற்சாகத்தில் இன்னும் உயரமாகத் தாண்டியவர், பந்தின் மேல் கால் வைத்து விழுந்தார். கணுக்கால் வீங்கிவிட்டது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஐஸ் வைத்தேன்.

அவர் பாயில் கிடந்த நாளெல்லாம் மகள் அவர் வயிற்றின் மேல் ஏறினாள், இறங்கினாள், முகத்தைப் பார்த்துப் பந்தை எறிந்தாள். குறி தப்பவே இல்லை.

"பாத்தியா, எல்லாம் என் ட்ரெயினிங்" என்றார், மூக்கைத் தடவியபடி.

"ஆமாங்க. நீங்க இன்னும் ஒரு வாரம் படுத்துக்கினு இருந்தா கொழந்த மரமே ஏறிடும்" என்றேன்.

அவர் அதையும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்.