அண்ணி விட்டுப்போன கோப்பித்தூள்

அண்ணி லண்டனுக்குத் திரும்பி ஒரு மாதமாகிறது. பெட்டியில் நிறை கூடிவிட்டதென்று, கடைசி நேரத்தில் மிளகாய்த்தூளை வைத்துக்கொண்டு மூன்று கிலோ கோப்பித்தூளை வெளியே எடுத்துவிட்டார்.

நான் அடுப்படியில் வெந்து வெந்து வறுத்து, மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து, ஒட்டுசுட்டானுக்குக் கொண்டுபோய் மில்லில் அரைப்பித்த தூள் அது.

எங்கள் வீட்டில் எல்லோரும் தேத்தண்ணி குடிக்கிறவர்கள். வாசம் போவதற்குள் முடிக்க வேண்டுமென்று, வந்தவர் போனவருக்கெல்லாம் கோப்பி ஊற்றிக் கொடுத்தேன். தூள் போட்டுவைத்த வாளி குறையவில்லை.

"ரோசாக் கண்டுக்குப் போடு பிள்ளை" என்றார் பக்கத்து வீட்டு ராணியக்கா. வறுத்த கைக்கு மனம் வரவில்லை.

போன கிழமை, யானை வராமல் இரவிரவாகக் காவலிருக்கும் வயல்காரரிடம் வாளியோடு கொடுத்துவிட்டேன். இன்று காலை அவர்களில் ஒருவரான சிவமண்ணை வெறும் வாளியைக் கொண்டுவந்து தந்தார்.

"நல்ல கோப்பி தங்கச்சி. ஒருத்தரும் கண்ணயரேல்லை. யானையும் வரேல்லை. இன்னும் கிடக்கோ?"

"இல்லை அண்ணை, முடிஞ்சுது."

அதைச் சொன்னபோது ஒரு பாரம் இறங்கியது போலிருந்தது.

மத்தியானம் அண்ணி வீடியோவில் வந்தார்.

"அந்தக் கோப்பித்தூள் கவனமாக் கிடக்குதோ? இங்க எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். லண்டனுக்கு ஆரும் வந்தால் குடுத்துவிடு."

சிவமண்ணையிடம் "முடிஞ்சுது" என்று சொன்ன அதே வாய் "ஓம் அண்ணி" என்றது.

நாளைக்கு மறுபடியும் வறுக்க வேண்டும்.

லண்டனுக்குப் போகிறவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். ஒருவரும் போகவில்லையென்றால் அதையும் கட்டாயம் எழுதுங்கள். அண்ணிக்குக் காட்ட வேண்டும்.