பதினொரு கிலோவுக்குக் கைதட்டினேன்

போன ஞாயிற்றுக்கிழமை நாச்சியாபுரத்தில் ஒரு கல்யாணம். காலைப் பலகாரப் பந்தியில் என் இலையில் ஒரே ஒரு இட்லி. பக்கத்து இலைகளில் வெள்ளைப் பணியாரம், மசாலா சீயம், கவுனி அரிசி... நான் பார்க்கவில்லை. சரி, பார்த்தேன். சாப்பிடவில்லை.

கை கழுவிவிட்டு வரும்போது ஒரு பெண்மணி வழிமறித்தார். நான் எழுதுகிற இந்தப் பத்தியின் வாசகியாம்.

"அரிசி மண்டிக்காரர் ஒருத்தரு பதினோரு கிலோ கொறச்சதா எழுதியிருந்தீகள்ல... அதை வெட்டி ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கேன். எங்க வீட்டுக்காரரும் அது மாதிரி எளைக்கணும். அந்த மண்டிக்காரரு இப்ப இன்னும் கொறச்சிருக்காகளா?"

குறைந்திருக்கிறார் என்றேன். இன்னும் ஒன்பது கிலோ.

"அடேங்கப்பா" என்று பக்கத்தில் நின்றவர்களிடமும் சொன்னார். அவர்களும் வியந்தார்கள். நான் செருப்பைத் தேடுகிற மாதிரி நகர்ந்துவிட்டேன்.

அந்தச் சகோதரிக்கும், அந்தப் பத்தியைப் படித்த உங்களுக்கும் நான் மிச்சத்தைச் சொல்லியாக வேண்டும்.

லெட்சுமணன் அண்ணனுக்குக் காரைக்குடியில் அரிசி மண்டி. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். எனக்கு ஐம்பத்து மூன்று வயதில் சுகர் எட்டிப் பார்க்க, டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார். அண்ணனுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. மகள் கல்யாணம் வருகிறது, போட்டோவில் தொப்பை மட்டும் முன்னால் வந்து நிற்கக் கூடாது, அவ்வளவுதான். இருவரும் காலையில் ஊருணியைச் சுற்றி நடக்க ஆரம்பித்தோம். தினமும் எட்டுச் சுற்று.

ஞாயிறுதோறும் எடை பார்ப்பது அவருடைய மண்டியில். அரிசி மூட்டை ஏற்றுகிற தராசில் ஏறி நிற்போம். எடை குறைந்திருந்தால் கடையில் இருக்கிற எல்லோரும் கைதட்ட வேண்டும். அண்ணன் போட்ட சட்டம் அது.

நான் இரவுச் சோற்றை நிறுத்தினேன். இரண்டு சப்பாத்தி, ஒரு டம்ளர் கொள்ளு ரசம். ஒரு மாதத்தில் நான் இறக்கியது அறுநூறு கிராம்தான். அண்ணன்? நான்கு கிலோ! அடுத்த மாதம் இன்னும் நான்கு.

எனக்குப் பொறாமை. மறைப்பானேன்? வயிறு எரிந்தது. அப்படி என்னதான் சாப்பிடுகிறார் என்று வேவு பார்க்கவே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி மீனாட்சி ஆச்சி காபி கொடுத்தார், சர்க்கரை இல்லாமல்.

"என்னத்தச் சாப்புடுறாக? பசியே இல்லங்குறாக, தம்பி. மீன் கொழம்பு வச்சாக்கூட ரெண்டு வாய் அள்ளிட்டு எந்திரிச்சுர்றாக. சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிருச்சு..."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதையோ சொல்லவேண்டும் என்று காத்திருந்தார். அது இப்போது புரிகிறது. அன்றைக்கு நான் சொன்னது என்ன தெரியுமா?

"குடுத்து வச்சவுக, ஆச்சி."

நடக்கும்போது முதுகு வலிக்கிறது என்பார் அண்ணன். ஷூ சரியில்லை என்று நானே கடைக்குக் கூட்டிப் போய்ப் புது ஷூ வாங்க வைத்தேன். பதினொரு கிலோ குறைந்த வாரம் அவரைப் பற்றி இங்கே எழுதினேன். பசியை வென்ற மனிதர் என்று வேறு எழுதினேன்.

நிறையக் கடிதங்கள் வந்தன. டயட் சார்ட் கேட்டு, ஷூ என்ன கம்பெனி என்று கேட்டு... நெற்குப்பையிலிருந்து ஒரு கடிதம் மட்டும் நான்கே வரி. எழுதியவர் ஓய்வுபெற்ற நர்ஸ். 'பசியில்லாமல், காரணமில்லாமல் எடை குறைவது நல்லதல்ல. முதுகு வலியும் இருப்பதாக எழுதியுள்ளீர்கள். உங்கள் நண்பரை உடனே டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.'

படித்தேன். மடித்தேன். மேஜை டிராயரில் வைத்தேன்.

ஏன்? அண்ணன் வீட்டில் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் நல்ல காரியம் வைத்திருக்கிற வீட்டில் ஆஸ்பத்திரி என்ற வார்த்தையே வாயில் வரக் கூடாது. ஆச்சி அன்று பாதியில் நிறுத்தியதும் அதனால்தான். சட்டையைப் பற்றிப் பேசினாரே தவிர உடம்பைப் பற்றிப் பேசவில்லை. கல்யாணம் முடியட்டும், அப்புறம் காட்டலாம் என்று நானும் இருந்துவிட்டேன். ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லாமல் இருப்பது நல்ல காரியம் என்று நினைத்தேன்.

அண்ணன் வீட்டுக் கல்யாணத்தில் பெண்ணின் தகப்பனாரைப் பார்த்து மெச்சாத ஆள் இல்லை. "மாப்பிள்ளை மாதிரி இருக்கீக" என்றார்கள். முன்பெல்லாம் இங்கே 'இளைச்சுட்டீகளே' என்றால் உடம்புக்கு என்ன என்று அர்த்தம். இப்போது அது வாழ்த்து. இளைத்தவரும் சிரிக்கிறார், சொன்னவரும் சிரிக்கிறார். உடம்புக்கு என்ன என்று யாரும் கேட்பதில்லை.

இரண்டு வாரம் கழித்து அண்ணனின் கண் மஞ்சளாகியது. மதுரைக்குக் கூட்டிப் போனோம். கணையத்தில் கட்டி. ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தால் ஆபரேஷனைப் பற்றிப் பேசியிருக்கலாம் என்றார் டாக்டர். ரெண்டு மாசம் முன்னாடிதான் அந்தக் கடிதம் வந்தது.

நாச்சியாபுரம் கல்யாணத்திலிருந்து நேராக மதுரைக்குத்தான் பஸ் ஏறினேன். அண்ணன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்தார். புது ஷூ கட்டிலுக்கு அடியில் இருந்தது. அதை ஏன் கொண்டுவந்தார்களோ...

"ஞாயித்துக்கிழமைல்ல, தம்பி. காலைல எடை பார்த்தாக. ரெண்டு கிலோ கூடியிருக்கேன்."

எனக்கு முகம் மலர்ந்திருக்க வேண்டும். அவர் போர்வையை விலக்கிக் காலைக் காட்டினார். இரண்டு காலும் வீங்கியிருந்தன.

"தண்ணி. டாக்டரு சொல்லிட்டாரு. நனஞ்ச மூட்டை கனக்கத்தானே செய்யும்? நானா இருந்தா மண்டியில எறக்க விட மாட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இருந்தாலும் தராசு எறங்குனதுக்குத் தட்டுனோம், இதுக்கும் தட்டுங்க."

தட்டினேன். அடுத்த கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. டிராயரிலிருந்து எடுத்து மூன்று வாரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிற அந்தக் கடிதத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"எங்கிட்டக் காட்டியிருந்தா நானும் மடிச்சுத்தான் வச்சிருப்பேன். கல்யாணம் இருந்துச்சுல்ல." கண்ணைத் திறக்கவில்லை. "ஆச்சிகிட்டக் காட்டியிருக்கலாம், தம்பி. அவ இழுத்துட்டுப் போயிருப்பா. இப்பவாச்சும் போய்க் குடுங்க."

வராந்தாவில் ஆச்சி ஃபிளாஸ்க் கழுவிக்கொண்டு வந்தார். கடிதத்தைக் கொடுத்தேன். எப்போது வந்தது என்பதையும் சொன்னேன். நின்றபடியே இரண்டு முறை படித்தார். நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். என் முகத்தை அன்றைக்குப் பார்த்த மாதிரியே பார்த்தார்.

"பஸ்ஸுல வந்தீகளாக்கும். ஏதாச்சும் சாப்ட்டீகளா, தம்பி?"

அதற்குப் பதில் அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.