படங்களின் பின்பக்கம்

என் அத்தான் வரைந்த கடல் படங்களில் இன்று எனக்குத் துல்லியமாக நினைவிருப்பது அவற்றின் பின்பக்கம்தான். "காலை ஆறே கால். கச்சான் காற்று. வெளியே மூன்று கப்பல், கரையில் பதினோரு தோணி." ஒவ்வொரு அட்டைக்குப் பின்னாலும் பென்சிலால் இப்படி எழுதியிருப்பார். ஒரே மூச்சில் படம் முடியாது, வெளிச்சம் மாறிவிடும். மறுபடி அதே நேரமும் அதே காற்றும் அமையும் நாளில், அதே இடத்தில் குடையை விரித்து உட்கார்ந்து மீதியை முடிப்பார். வீட்டுக்குள் வைத்து ஒரு கோடுகூடப் போடமாட்டார். "பாக்காம வரைஞ்சா அது பொய் மாப்ளே" என்பார்.

தூத்துக்குடியில் அக்காள் வீட்டில் தங்கித்தான் நான் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். யுத்த காலம். புதிதாக யாரைக் கண்டாலும் ஒற்றன் என்று ஊர் கிசுகிசுத்தது. ஒருநாள் ஆபீஸ் அண்ணாச்சி ஒருவர் என் காதருகே குனிந்து, "ஏலே, கடற்கரையில குடைக்குள்ள உக்காந்து படம் போடுதது உங்க அத்தான்தானே? ஒரு போலீஸ்காரர் உங்க வீடு எங்கனன்னு விசாரிக்காரு" என்றார். அட்டைகளின் பின்பக்கம்தான் என் கண்முன் வந்தது. நேரம், காற்று, கப்பல் எண்ணிக்கை. ஒற்றனுக்கு வேறென்ன வேண்டும்? அத்தானைத் தூக்கில் போட்டுவிடுவார்கள் என்று அக்காளிடம் பதறினேன். உண்மையில் நான் முதலில் பயந்தது என் வேலைக்குத்தான்.

அத்தான் புன்னைக்காயலுக்கு வரையப் போயிருந்தார். சண்டை முடிந்ததும் மதராசில் காட்சிக்கு வைக்கவென்று அவர் சேர்த்திருந்த ஏழு வருட உழைப்பை நான் கொல்லையில் குவித்தேன். சங்கு குளிக்கும் தோணிகள், உப்பளத்து விடியல், எல்லாம். "ஏலே, எழுத்தை மட்டும் அழிச்சாப் போதாதா?" என்று அக்காள் கையைப் பிடித்தாள். எவ்வளவு சரியான கேள்வி! அவளைத் தள்ளிவிட்டுக் கொளுத்தினேன்.

மறுநாள் அந்தப் போலீஸ்காரர் வந்தார். கடலில்லாத ஊர்க்காரர், வாசலில் கூச்சத்தோடு நின்றார். "எங்க அம்மை கடலைப் பாத்ததே இல்ல. சின்னதா ஒரு படம் கெடைக்குமான்னு கேக்க வந்தேன்" என்றார். படம் எதுவும் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

அத்தான் திரும்பி வந்து சாம்பலைப் பார்த்தார். "எல்லாமா?" என்று மட்டும் கேட்டார். ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அடுத்த வாரம் குடையை எடுத்துக்கொண்டு, ஊருக்கு மேற்கே இருக்கும் புதுக்கோட்டைப் பக்கம் பனங்காட்டுக்குப் போனார். கடற்கரைக்கு அவர் மறுபடி போகவில்லை.

யுத்தம் முடிந்து மதராசில் காட்சி நடந்தது. சுவர் முழுக்கப் பனைகள். வந்தவர்களில் ஒருவர், "தூத்துக்குடிக்காரர் கடலையே வரையவில்லையே?" என்று கேட்டார். அத்தான் வாய் திறப்பதற்குள், "அவுகளுக்குக் கடல் பிடிக்காது" என்று முந்திக்கொண்டேன். அத்தான் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு கேட்டவரிடம், "ஆமா, உப்புக்காத்து ஒத்துக்கிடாது" என்றார்.

அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்றும் அவர் படங்களைப் பார்க்க வருபவர்கள் அதையே கேட்கிறார்கள். நானும் அதே பதிலைத்தான் சொல்கிறேன்.